எமிலி பிரான்டி: வீட்டோட இருந்தவங்களுக்கு உலகம் தெரியாதா?

ஒரு வாசகர் கேட்டது:

வுதரிங் ஹைட்ஸ் இப்பதான் முடிச்சேன். எழுதினவங்க முப்பது வயசுல போயிட்டாங்க, கல்யாணம் ஆகல, யாரையும் காதலிச்ச மாதிரியும் தெரியல, வீட்டை விட்டே வெளிய வரல, ஃப்ரெண்ட்ஸ்னு யாரும் இல்லன்னு முன்னுரைல போட்டிருக்கு. அப்படிப்பட்ட ஒருத்தருக்கு இவ்வளவு ஆங்காரமான கதை எங்கேருந்து வரும்? அண்ணன் எழுதிக் கொடுத்ததுன்னு ஒரு பேச்சு இருக்காமே, எனக்கு அதான் நம்புற மாதிரி இருக்கு.

12 ஜனவரி 2025, இரவு

அண்ணன் எழுதல. அந்தப் பேச்சு கிளம்பினதே 1867-ல, அந்த அண்ணன் பிரான்வெல்லோட பழைய சிநேகிதர் ஒருத்தர் ஹாலிஃபாக்ஸ் பத்திரிகைல எழுதினாரு, இந்தக் கதையோட ஆரம்பத்த பிரான்வெல் எங்களுக்கு வாசிச்சுக் காட்டினார்னு. அப்போ பிரான்வெல் செத்து 19 வருஷம், எமிலியும் இல்ல, அக்கா சார்லட்டும் இல்ல, மறுத்துப் பேச ஆளே கிடையாது. பிரான்வெல் செத்த அடுத்த மாசமே சார்லட் ஒரு கடிதத்துல எழுதியிருக்காங்க, அக்கா தங்கச்சிங்க ஒரு வரி கூட அச்சுல போட்டது தம்பிக்குத் தெரியவே தெரியாதுன்னு. ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு தெரியாம இருந்த நிலைமைல அவர் இருந்தாரு, 1845 ஜூலைல வேலை போனதுலேருந்து குடியும் ஓப்பியமும்தான்.

ஆனா எனக்கு இதவிடப் பெரிய சாட்சி எமிலியோட கவிதை நோட்டு. அதுல 3 மார்ச் 1845-னு தேதி போட்டு ஒரு கவிதை இருக்கு, மண்ணுக்குள்ள குளிர்ந்து கெடக்கிற காதலனப் பார்த்து ஒரு பொம்பள பேசுறா, பதினஞ்சு டிசம்பர் போயிருச்சு, உன்ன மறந்தா மன்னிச்சிருங்கறா. இப்போ நாவல்ல பாருங்க, கேத்தரின் சாகறது 1784-ல, அவள உயிரா நினைச்ச ஹீத்கிளிஃப் சாகறது 1802-ல, நடுவுல 18 வருஷம் அவன் அந்தக் கல்லறையத்தான் சுத்திட்டு இருக்கான். ஒரே மனசுதான் ரெண்டையும் எழுதியிருக்கு, கவிதை அவங்க கையெழுத்துலயே இருக்கு.

காதலிச்சாத்தான் எழுத முடியும்னா கொலை பண்ணினவங்க மட்டும்தான் கொலைக்கதை எழுதணும்.

13 ஜனவரி

"வீட்டை விட்டே வெளிய வரல"ங்கறதையும் கொஞ்சம் பார்க்கணும்.

பொறந்தது 30 ஜூலை 1818, இங்கிலாந்துல யார்க்‌ஷைர் பக்கம் தார்ன்டன்ல. ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள அப்பாவுக்கு ஹவர்த் சர்ச்சுல வேலை, குடும்பம் அங்க போச்சு. மூணு வயசுல அம்மா போயிட்டாங்க. ஆறு வயசுல பாதிரியார் பொண்ணுங்களுக்கான கோவன் பிரிட்ஜ் போர்டிங் ஸ்கூல், அங்க சேர்ந்த ரெண்டு அக்காங்க மரியாவும் எலிசபெத்தும் நோயோட வீட்டுக்கு வந்து 1825 மே, ஜூன்ல அடுத்தடுத்து செத்தாங்க. மரியாவுக்குப் பதினொண்ணு, எலிசபெத்துக்குப் பத்து. அதுக்கப்புறம் 17 வயசுல ரோ ஹெட் ஸ்கூல், சில மாசத்துலயே உடம்பு இளைச்சு திரும்பி வந்துட்டாங்க. 20 வயசுல ஹாலிஃபாக்ஸ் பக்கம் லா ஹில்னு ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலை, சுமார் நாப்பது பசங்க, காலைல ஆறு மணிலேருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வேலை, நடுவுல அரை மணி நேரம்தான் நடக்க விடுவாங்க. சார்லட் அத அடிமைத்தனம்னே எழுதினாங்க. 23 வயசுல பிரஸ்ஸல்ஸ் போய் ஹெஜேங்கறவர்கிட்ட பிரெஞ்சு படிச்சாங்க, அங்க சின்னப் பசங்களுக்குப் பியானோவும் சொல்லிக் கொடுத்தாங்க.

இத்தன தடவ போயிட்டு ஒவ்வொரு தடவையும் ஹவர்த்துக்கே திரும்பினவங்க. 1842 நவம்பர்ல பெரியம்மா இறந்த சேதி கேட்டு பிரஸ்ஸல்ஸ்லேருந்து வந்தப்புறம் வேலைக்குன்னு வெளிய போகவே இல்ல. அது அவங்க எடுத்த முடிவு. பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல அடுத்தவங்களுக்கு உழைக்கற வேலைல எழுத முடியாதுன்னு தெரிஞ்சு எடுத்த முடிவுன்னுதான் நான் நினைக்கறேன். நான் நர்ஸ், பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து புத்தகத்த எடுத்தா ஒரு பக்கம் தாண்டறதில்ல.

அந்த ஹெஜே பின்னால சொன்னதா ஒண்ணு உண்டு, எமிலி ஆம்பளையாப் பொறந்திருந்தா பெரிய கடலோடி ஆகியிருப்பாங்கன்னு. பிடிவாதத்தையும் தர்க்கத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னாரு.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

லா ஹில் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தக் கட்டிடத்தக் கட்டினவர் ஜாக் ஷார்ப். பக்கத்துல வால்டர்கிளஃப் ஹால்னு ஒரு வீடு, அங்க மாமா எடுத்து வளர்த்த பையன் அவரு, வளர்ந்து அந்தக் குடும்பத்து வியாபாரத்தையும் வீட்டையும் தன் கைக்குள்ள கொண்டு வந்தாரு, அப்புறம் சொத்துக்கு உரிமைப்பட்ட வாரிசு வந்து கேக்கவும் வெளிய வந்து லா ஹில்ல கட்டிக்கிட்டாரு. அந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த வீட்டுலதான் எமிலி ஆறு மாசம் போல வேலை பார்த்தாங்க.

ஹீத்கிளிஃபும் எடுத்து வளர்த்த பையன்தான், பின்னால அந்த வீட்டையே கைக்குள்ள கொண்டு வர்றவன். "எங்கேருந்து வந்தது"ன்னு கேட்டீங்கல்ல.

16 ஜனவரி

நண்பர் ஒருத்தர் கேக்கறாரு, அப்போ அந்த "உலகம் தெரியாத பொண்ணு"ங்கற கதைய யாரு கட்டினாங்கன்னு. சார்லட். கூடப்பொறந்த அக்கா.

1850-ல சார்லட் நாவல திரும்ப அச்சுப் போட்டாங்க, எமிலி செத்து ரெண்டு வருஷம் ஆகப் போற நேரம். அதுல தங்கச்சிங்க ரெண்டு பேர் பத்தியும் ஒரு குறிப்பு, நாவலுக்கு ஒரு முன்னுரை. மடத்து வாசல் வழியாப் போற ஜனங்கள ஒரு கன்னியாஸ்திரி எந்த அளவுக்குத் தெரிஞ்சு வெச்சிருப்பாளோ அந்த அளவுதான் எமிலிக்குச் சுத்தி இருந்த ஜனங்களத் தெரியும்ங்கற மாதிரி அதுல வருது. தான் என்ன எழுதறோம்னு எமிலிக்கே தெரியலங்கற தொனி முழுக்க இருக்கு. விமர்சகர்கள் புத்தகத்த முரட்டுத்தனம், அசிங்கம்னு திட்டியிருந்தாங்க, அதுக்குப் பதிலா "பாவம், கிராமத்துப் பொண்ணு, வெளி உலகம் தெரியாது"ன்னு சொல்லிக் காப்பாத்தப் பார்த்தாங்க சார்லட். நாம இன்னிக்கு வரைக்கும் அத நிஜ வாழ்க்கைன்னு படிச்சுட்டு இருக்கோம்.

அத்தோட விடல. ஜோசப்னு அந்த வேலைக்காரக் கிழவர் பேசற யார்க்‌ஷைர் பேச்ச, தெக்கத்தி ஆளுங்களுக்குப் புரியாதுன்னு சார்லட் இளக்கிட்டாங்க. எனக்கு இது ரொம்ப வலிக்கும். நான் இருக்கறது லீட்ஸ் பக்கம், வந்த புதுசுல வார்டுல வயசான பேஷன்ட்ஸ் பேசினா ஒரு சொல்லும் பிடிபடாது, தலைய ஆட்டிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் யார்கிட்டயாவது கேப்பேன். அப்புறம் காது பழகி, ஒரு நாள் ஜோசப் பேசற பக்கத்த வாய்விட்டுப் படிச்சப்போ அப்படியே வார்டுல கேக்கற குரல், நிறுத்தம் உட்பட. ஜனங்கள எட்டி நின்னு பார்த்த கன்னியாஸ்திரிக்கு இந்தக் காது எப்படி வந்திருக்கும்? வீட்டுல டேபிதா அக்ராய்டுனு ஒரு சமையல்கார அம்மா, ஹவர்த்காரங்க, 1825 வாக்குல வேலைக்கு வந்து முப்பது வருஷம் இருந்தாங்க, அடுப்படில உக்காந்து அவங்க சொன்ன ஊர்க்கதையக் கேட்டுத்தான் இந்தப் பசங்க வளர்ந்தாங்க. எமிலி பாதி நாள் அந்த அடுப்படிலதான், மாவு பிசைஞ்சுகிட்டே முன்னால ஜெர்மன் புத்தகத்த நிமிர்த்தி வெச்சுப் படிப்பாங்க.

கவிதைலயும் கை வெச்சாங்க சார்லட். ஒரு நீளமான கவிதையோட முதல் பன்னெண்டு வரிய வெட்டி எடுத்து, கீழ தானே எட்டு வரி எழுதி ஒட்டி, எமிலி கவிதைன்னு போட்டாங்க. அப்புறம் 2 ஜனவரி 1846 தேதி போட்ட இன்னொரு கவிதை, என் ஆன்மா கோழை இல்லன்னு ஆரம்பிக்கறது, அத எமிலி எழுதின கடைசி வரிகள்னு அறிமுகப்படுத்தினாங்க. அதுக்கப்புறமும் எமிலி எழுதியிருக்காங்க, 1846 செப்டம்பர் தேதி போட்டே ஒரு நீளக் கவிதை இருக்கு. சாகும்போது எழுதின மாதிரி ஒரு காட்சி வாசகர் மனசுல நிக்கணும்னு நினைச்சிருக்காங்க போல.

17 ஜனவரி

ஹவர்த் அழகான கிராமமாமே, போட்டோல பார்த்தேன்னு கேட்டவருக்கு.

இப்போ அழகுதான். கல் பாவின ஏத்தமான தெரு, மேல சர்ச், அதுக்குப் பின்னால கல்லறைத்தோட்டம், அதத் தாண்டி அவங்க வீடு, 1928-லேருந்து மியூசியம். கீத்லிலேருந்து நீராவி ரயில்ல போலாம். ஆனா 1850-ல பாபேஜ்ங்கற இன்ஸ்பெக்டர் வந்து எடுத்த கணக்கப் படிச்சா தூக்கம் வராது. அந்த ஊர்ல செத்தவங்களோட சராசரி வயசு 25.8. நூத்துக்கு 41 குழந்தைக்கு மேல ஆறு வயசு ஆகறதுக்கு முன்னாடியே போயிருச்சு. சாக்கடை கிடையாது, தண்ணி மோசம், கல்லறைத்தோட்டம் ரொம்பி வழிஞ்சது. அந்தக் கணக்கு எடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு மேல மனு போட்டதே இவங்க அப்பா பேட்ரிக் பிரான்டிதான்.

சாவு சூழ்ந்த நாவல்னு சொல்றாங்கல்ல, ஜன்னலத் திறந்தா தெரிஞ்சது அதான்.

21 ஜனவரி

ரயில்வே ஷேர் விஷயம் சொல்றேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, யாரும் பேசறதில்ல.

பெரியம்மா செத்தப்போ சேத்து வெச்ச பணத்த இந்த மூணு பொண்ணுங்களுக்கும் இன்னொரு சகோதரியோட மகளுக்கும் எழுதி வெச்சுட்டுப் போனாங்க, ஆளுக்குச் சுமார் 300 பவுண்ட். அத யார்க் அண்ட் நார்த் மிட்லேண்ட் ரயில்வே ஷேர்ல போட்டாங்க. சார்லட் திரும்ப பிரஸ்ஸல்ஸ் போயிருந்த காலத்துல மூணு பேர் பணத்தையும் நிர்வாகம் பண்ணினது எமிலி. பத்திரிகைல ரயில்வே பத்தி வர்ற ஒவ்வொரு பாராவையும் ஒவ்வொரு விளம்பரத்தையும் உக்காந்து படிச்சுத் தேறினாங்கன்னு சார்லட்டே 1846 ஜனவரில தன் பழைய டீச்சருக்கு எழுதறாங்க. வித்துடலாம்னு சார்லட்டுக்குத் தோணியிருக்கு, ஆனா எமிலி பேச்ச மீறி அவங்க மனசப் புண்படுத்தறதுக்குப் பணம் போனாப் போகட்டும்னு விட்டுட்டாங்க. 1849-ல அந்த ஷேர் விழுந்துச்சு, சார்லட் பயந்தது சரியாத்தான் போச்சு, ஆனா அப்போ எமிலி உயிரோட இல்ல.

கன்னியாஸ்திரின்னு எழுதினவங்களும் இந்தக் கடிதத்த எழுதினவங்களும் ஒரே ஆள், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இப்போ நாவலுக்கு வாங்க. ஹீத்கிளிஃப் பழிவாங்கறது அடிதடியால மட்டும்னு நினைச்சா பாதிக் கதை போச்சு. சின்ன வயசுல தன்னக் கொடுமைப்படுத்தின கேத்தரினோட அண்ணன் ஹிண்ட்லிய சூதாட வெச்சு, நிலத்த அடமானமா எழுதி வாங்கிக்கறான், ஹிண்ட்லி செத்ததும் வீடு இவன் கைல. அடுத்தது கிரேஞ்ச், கேத்தரின் கட்டிக்கிட்ட எட்கரோட வீடு. எட்கருக்கு ஆம்பளப் புள்ள இல்ல, பொண்ணு கேத்தி மட்டும்தான். பரம்பரைச் சொத்து தங்கச்சி இசபெல்லா வழியா அவ மகனுக்குப் போகும்படி எழுதி வெச்சிருக்கு, அந்தப் பையன் பேரு லின்டன், ஹீத்கிளிஃபோட மகன். அந்தப் பையனுக்குக் கேத்தியக் கட்டாயக் கல்யாணம் பண்ணி வெச்சா அவளோட கைப்பணமும் புருஷனுக்குப் போயிரும், ஏன்னா அந்தக் காலத்து இங்கிலாந்துல கல்யாணமான பொண்ணோட அசையும் சொத்தெல்லாம் புருஷனோடது, சட்டம் மாற ஆரம்பிச்சதே 1870-லதான். எட்கர் சாகக் கெடக்கும்போது இது புரிஞ்சு, பொண்ணு பணத்த டிரஸ்டி பேர்ல மாத்தி எழுத வக்கீல் கிரீனக் கூப்பிட்டு விடறாரு. கிரீன் வரமாட்டான், ஹீத்கிளிஃப் ஏற்கெனவே அவன வாங்கிட்டான். எட்கர் செத்தப்புறம்தான் வந்து நிக்கறான்.

சேங்கர்னு ஒரு வக்கீல், 1926-ல இத உக்காந்து சரிபார்த்தாரு. அடமானம், வாரிசுரிமை, உயில் எல்லாம் கதை நடக்கற காலத்துச் சட்டத்துக்குப் பொருந்துதுன்னு காட்டினாரு. மைனர் பையன் அசையும் சொத்துக்கு உயில் எழுதறது கூட, 1837-ல சட்டம் மாறறதுக்கு முன்னாடி செல்லும், கதை நடக்கறது அதுக்கு முன்னாடி. பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் தேதி கண்டுபிடிக்கற மாதிரி குறிப்பு உள்ளயே இருக்கு. இது ஆவேசத்துல கண்ண மூடிட்டு எழுதின புத்தகம் கிடையாது, பத்திரம் படிக்கத் தெரிஞ்சவங்க எழுதினது.

21 ஜனவரி, இரவு

அந்த 28-வது அத்தியாயத்த இப்போ மறுபடி படிச்சேன். வீட்டு வேலைக்கார அம்மா நெல்லி, வாசல்ல தட்டற சத்தம் கேட்டு கிரீன்தான்னு நினைச்சு ஓடறா, கேத்தி தப்பிச்சு வந்து நிக்கறா. அந்த ராத்திரிலதான் அப்பா சாகறாரு. சட்டமும் பாசமும் ஒரே வாசல்ல.

26 ஜனவரி

இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

1845 இலையுதிர் காலத்துல சார்லட் எமிலியோட கவிதை நோட்டு ஒண்ணப் பார்த்துட்டாங்க. தற்செயலான்னு அவங்களே சொல்றாங்க. திறந்து படிச்சாங்க, பிரமிச்சுப் போனாங்க. எமிலிக்கு வந்த கோவம் சாதாரணமானதில்ல, சமாதானம் ஆகறதுக்கே மணிக்கணக்காச்சு, அச்சுல போடச் சம்மதிக்க வைக்க நாள்கணக்காச்சு. எல்லாப் புத்தகத்துலயும் இது அக்கா தங்கச்சியோட மேதமையக் கண்டுபிடிச்ச நல்ல நாளா வருது.

எனக்கு அப்படிப் படிக்க முடியல. ப்ளஸ் டூ படிக்கறப்போ நான் ஒரு நோட்டு வெச்சிருந்தேன், துணி மடிச்சு வைக்கற ஷெல்ஃப்ல அடியில. ஒரு நாள் ஸ்கூல்லேருந்து வர்றேன், வீட்டுல ஒருத்தங்க அத எடுத்து நல்லாருக்கேன்னு கூடத்துல உக்காந்து எல்லாருக்கும் படிச்சுட்டு இருக்காங்க. திட்டல, பாராட்டினாங்க. ஆனாலும் எனக்கு உடம்புல துணி இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த நோட்டுல அதுக்கப்புறம் நான் எழுதல. எமிலி எழுதினாங்க, அதான் அவங்க.

அந்தக் கோவத்துக்கப்புறமும் ஒத்துக்கிட்டு, கவிதைல வர்ற கோண்டல் பேரெல்லாம் எடுத்துட்டு, யாருக்கும் அந்த ரகசிய நாடு தெரியாத மாதிரி திருத்திக் கொடுத்தாங்க. 1846 மே மாசம் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல்னு மூணு புனைபேர்ல மூணு சகோதரிங்களோட கவிதைப் புத்தகம் வந்துச்சு, அச்சுக்கூலி அவங்களே கொடுத்தாங்க, ஒரு வருஷத்துல ரெண்டு பிரதி வித்துச்சு.

27 ஜனவரி

கோண்டல்னா என்னன்னு கேட்டவங்களுக்கு: எமிலியும் தங்கச்சி ஆனும் சின்ன வயசுல உருவாக்கின கற்பனைத் தீவு, வட பசிபிக்ல. அரசி, சதி, சிறை, போர் எல்லாம் உண்டு. உரைநடைல எழுதினதுல ஒரு பக்கம் கூட மிஞ்சல, கவிதைங்க மட்டும் இருக்கு.

இவங்க ரெண்டு பேரும் மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ சின்னக் காகிதத்துல டைரிக் குறிப்பு எழுதி மடிச்சு வெச்சுக்குவாங்க. 1834 குறிப்புல பறவைங்களுக்குத் தீனி போட்டேன்கறது, ஆப்பிள் உரிக்கறது, பின்கட்டுல துணி துவைக்கறாங்கங்கறது, கோண்டல்காரங்க புது நாட்டோட உள்பகுதியக் கண்டுபிடிக்கறாங்கங்கறது, எல்லாம் ஒரே மூச்சுல, ஒரே பாராவுல. அவங்களுக்கு நடுவுல கோடே இல்ல. 1845 குறிப்புல ஆனோட ரயில்ல யார்க் போன கதை வருது. எமிலிக்கு 27 ஆகப் போகுது, ஆனுக்கு 25, போற வழி பூரா கோண்டல் கதை ஆளுங்களா நடிச்சுகிட்டே போனாங்களாம், அரண்மனைலேருந்து தப்பிச்சு ஓடற மாதிரி. தனக்கு இப்போ ஒரு குறையும் இல்லன்னு அதே குறிப்புல எழுதறாங்க.

ஃப்ரெண்ட்ஸ் இல்லாதவங்கன்னு சொல்றாங்க. அந்த ரயில் பெட்டில இருந்தவ யாரு?

2 பிப்ரவரி

சாவு பத்தி. டாக்டரப் பார்க்க மாட்டேன்னு அடம் பிடிச்சு செத்தாங்க, அது ஒரு மாதிரி தற்கொலைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. இதுக்கு நர்ஸா பதில் சொல்லணும்.

நடந்தது இது. 1848 செப்டம்பர் 24 பிரான்வெல் சாவு. அடக்கத்தப்போ பிடிச்ச சளி விடவே இல்ல, இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உடம்பு கரைஞ்சுகிட்டே வந்துச்சு. டிபி. யாரையும் நாடி பார்க்கக் கூட விடல. சார்லட்டோட பதிப்பாளர் அலுவலகத்துல ஒரு நண்பர் ஹோமியோபதி பார்க்கச் சொல்லி எழுதினாரு, எமிலி அந்தக் கடிதத்தப் படிச்சுட்டு இதுவும் இன்னொரு போலி வைத்தியம்னுட்டாங்க. டிசம்பர் 19 காலைல எழுந்து, தானே டிரெஸ் பண்ணிக்கிட்டு, தையல எடுத்தாங்க. மத்தியானம்தான் இப்போ டாக்டரக் கூப்பிட்டா பார்க்கறேன்னாங்க. ரெண்டு மணி வாக்குல போயிட்டாங்க. சவப்பெட்டி அஞ்சடி ஏழு அங்குல நீளம், பதினாறு அங்குல அகலம், பெரியவங்களுக்கு இவ்வளவு ஒடுக்கமா ஒரு பெட்டி செஞ்சதே இல்லன்னு தச்சர் சொன்னாரு.

இப்போ பக்கத்துலயே இருக்கற இன்னொரு கேஸ் பாருங்க. ஆனுக்கு அதே நோய், 1849 ஜனவரில லீட்ஸ்லேருந்து டாக்டர் டீல் வந்து ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பார்த்துச் சொன்னாரு. ஆன் ஒண்ணையும் மறுக்கல. நெஞ்சுல கொப்புளம் வர வைக்கற மருந்து, மீன் எண்ணெய், இரும்புச்சத்து எல்லாம் எடுத்துக்கிட்டாங்க, குமட்டினாலும் குடிச்சாங்க. கடல் காத்துக்காக ஸ்கார்பரோ போனாங்க, மே 28 அங்கயே போயிட்டாங்க. நோயத் தர்ற கிருமிய கோக் கண்டுபிடிச்சதே 1882-ல. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-கள்ல. 1848-ல எந்த டாக்டரும் எமிலியக் காப்பாத்தியிருக்க முடியாது, கொப்புளம் மட்டும் போட்டிருப்பாங்க.

ஊர்ல நான் டிபி வார்டுல வேலை பார்த்திருக்கேன். மாத்திரை போட்டா சரியாயிரும்னு இருக்கற காலத்துலயே, எழுந்து உக்காந்து தலைய வாரிக்கணும்னு பிடிவாதம் பிடிக்கற அம்மாக்களப் பார்த்திருக்கேன். மூச்சு வாங்கும், கை நடுங்கும், சீப்ப நாம வாங்கப் போனா கைய இழுத்துக்குவாங்க. சாக ஆசைப்படறவங்க அப்படிச் செய்யமாட்டாங்க. கடைசி வரைக்கும் தன் உடம்பு தன்கிட்டயே இருக்கணும்னு நினைக்கறவங்கதான் செய்வாங்க.

3 பிப்ரவரி

நாய் கதை: கீப்பர், பெரிய முரட்டு நாய், அடக்கத்துக்கு வீட்டு ஆளுங்களோட சர்ச்சுக்குள்ள வந்து உக்காந்துச்சு. அது உண்மை. கட்டில் மேல ஏறினதுக்கு எமிலி அத முஷ்டியால முகத்துல அடிச்சு, அப்புறம் அவங்களே வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்தாங்கங்கற கதை கேஸ்கெல் அம்மா 1857-ல எழுதின சார்லட் வாழ்க்கை வரலாறுல வருது. கேஸ்கெல் எமிலியப் பார்த்ததே கிடையாது, ஆனா சார்லட் வழியாக் கேட்டிருப்பாங்க. எனக்கு அது படிக்கப் பிடிக்கல, ஆனா விலக்கவும் மாட்டேன். எமிலிய சாதுவான ஆத்மாவாக்கி மாட்டி வைக்கறதும் சார்லட் செஞ்ச வேலை மாதிரிதான் ஆகும்.

9 பிப்ரவரி

சார்லட்ட நான் ரொம்பத் திட்டறேன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. நானும் மேல ஏறிப் போய்ப் படிச்சேன். மாத்தி எழுத ஒண்ணும் இல்ல, ஆனா இதையும் பக்கத்துல வைக்கணும்.

1848 செப்டம்பர்லேருந்து 1849 மே, எட்டே மாசம், கூடப்பொறந்த மூணு பேரும் போயாச்சு. வீட்டுல கண் மங்கின வயசான அப்பாவும் இவங்களும். சாயங்காலம் மூணு பேரும் மேஜையச் சுத்தி நடந்துகிட்டே எழுதினதப் படிச்சுக் காட்டற பழக்கம், இப்போ ஒருத்தர் மட்டும் நடக்கறாங்க. அந்த நிலைமைல உக்காந்து தங்கச்சியோட எழுத்தத் திருத்தி அச்சுக்குத் தர்றாங்க. ஒவ்வொரு வரியும் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும். நம்மகிட்ட இன்னிக்கு எமிலி இருக்கறதே சார்லட் அத விடாம அச்சுல போட்டதாலதான்.

அதே நேரம் நியூபிங்கற பதிப்பாளர் 15 பிப்ரவரி 1848-ல எழுதின ஒரு கடிதம் எமிலியோட எழுத்துப் பெட்டில இருந்துச்சு, அடுத்த நாவல அவசரப்பட்டு முடிக்க வேண்டாம்னு. அதே பெட்டில முதல் நாவலுக்கு வந்த அஞ்சு விமர்சனம் வெட்டி வெச்சிருந்தாங்க. தன் புத்தகத்தப் பத்தி உலகம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கற ஆசை உள்ள எழுத்தாளர் அவங்க. அந்த ரெண்டாவது நாவல்னு ஒரு தாள் கூட இன்னிக்கு இல்ல. இத நினைக்கறப்போ எனக்கு சார்லட் மேல கோவமும் வருது, அவங்க நிலைமைய நினைச்சு அழுகையும் வருது, ரெண்டுல ஒண்ண விட முடியல.

9 பிப்ரவரி, சேர்த்து

டாப் விதென்ஸ், கதைல வர்ற வீடு இதான்னு சொல்லிக்கற இடம், அங்க போறவங்களுக்கு: ஹவர்த்லேருந்து மூணு மைலுக்கு மேல நடை. வழிகாட்டிப் பலகை ஜப்பானிய மொழிலயும் இருக்கும், அவ்வளவு தூரத்துலேருந்து ஆளுங்க வர்றாங்க. மேல போனா இடிஞ்ச பண்ணைவீடு, சுவத்துல 1964-ல வெச்ச பலகை, இந்தக் கட்டிடம் கதைல வர்ற வீட்டுக்குக் கொஞ்சமும் ஒத்து வராதுன்னு பிரான்டி சங்கமே எழுதி வெச்சிருக்கு. ஆனாலும் போங்க. அங்க நின்னா காத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறது காதுல விழாது. ஆகஸ்ட்ல போனா ஹெதர் பூத்து மலை முழுக்க ஊதா.

15 பிப்ரவரி

முதல்ல கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எந்தப் பதிப்பு வாங்கணும்னு கேட்டிருக்காரு. 1847 மூலத்த அடிப்படையா வெச்ச பதிப்பு வாங்குங்க, பதிப்புரைல போட்டிருப்பாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாஸிக்ஸ் அந்த வகைதான். மலிவான பழைய அச்சுல பாதிக்கு மேல சார்லட் திருத்தின 1850 பாடம் வரும், ஜோசப் பேசற இடத்துல வித்தியாசம் தெரியும். முன்னுரையக் கடைசில படிங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு குடும்பத்துக்கும் வம்சாவளி போட்டு வெச்சுக்கோங்க, ஒரே பேர் ரெண்டு தலைமுறைல வர்றதால குழம்பும். ஒன்பதாவது அத்தியாயத்துல கேத்தரின் நான்தான் ஹீத்கிளிஃப்ங்கற இடம் வந்ததும் எல்லாரும் அங்கயே நின்னுடறாங்க, நீங்க நிக்காதீங்க. கிரீன் எப்போ உள்ள வர்றான், யார் கூப்பிட்டு வர்றான், யாருக்காக வர்றான், அத மட்டும் பென்சில்ல குறிச்சுகிட்டே போங்க. அப்புறம் வந்து இங்க எழுதுங்க, அந்த உயில் விஷயத்துல எனக்கு இன்னும் ரெண்டு மூணு இடம் பேச வேண்டியிருக்கு.